முன்பாரம், பின்பாரம்

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் சாலையில், புத்தூரைத் தாண்டினால் வடமாலபேட்டை. தமிழர்களுக்கு இந்தச் சாலை இரண்டு காரணங்களால் பழக்கம். ஒன்று ஏழுமலையான், மற்றொன்று எலும்பு முறிவுக்குப் பெயர்பெற்ற புத்தூர் கட்டு. முதல் காரியத்துக்காகப் போகிறவர்கள் இரண்டாவதற்கும் ஆளாகிவிடக் கூடாது என்றால், முன்னால் போகும் டிராக்டர் டிரெய்லரின் மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

ஜூன், ஜூலை வந்தால் சித்தூர் வட்டாரத்தில் தோத்தாபுரி மாம்பழம் குவியும். தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்று சொல்லப்படும் அதே பழம்தான். மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். மாம்பழம் முடிந்தால் கரும்பு, வைக்கோல், செங்கல் என்று ஏதாவது ஒரு பாரம். புரட்டாசியில் சாலையோரம் நடந்து வரும் பக்தர்களும் இவற்றோடு சேர்ந்துகொள்வார்கள். இரவு நேரத்தில், விளக்கில்லாத ஒரு டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டிக்கொண்டு வந்தால், ஓரமாக நடப்பவர் ஒதுங்க இடம் இருக்காது.

டிரெய்லர் ஏன் ஆடுகிறது? சாலைப் பள்ளம், காற்று, உரசிக்கொண்டு முந்திய பேருந்து என்று டிரைவர்கள் காரணம் சொல்வார்கள். அவை ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவை மட்டுமே. ஆட்டம் நிற்குமா, வளருமா என்பது பெரும்பாலும் பாரம் ஏற்றிய இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. பாரம் அச்சுக்கு முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால்தான் வண்டிக்காரர் ஆட்களை ஏற்றும்போது 'கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்கள்' என்பார். முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களில் அவருடைய கணக்கு அடங்கிவிடும். மாட்டுக்கு வலித்தால் அது நின்றுவிடும். டிராக்டருக்கு வலிக்காது. கணக்கு மறந்து போனதற்கு அதுவே காரணம்.

இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பாரம் கூடினால் இரண்டு தீமைகள். கொக்கி மேல்நோக்கி இழுக்கப்படுவதால், இழுக்கும் வண்டியின் பின் சக்கரங்களுக்குப் பிடிப்பு குறைகிறது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை, ஊசலின் குண்டு போல ஒவ்வொரு அசைவையும் பெரிதாக்குகிறது. ஒரு வேகத்துக்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடப் பெரிதாகி, முடிவில் டிரெய்லர் இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். டிராக்டர் மெதுவாகத்தானே போகிறது என்று நினைக்கலாம். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடும் டிராக்டர் மெதுவாகப் போவதில்லை. பல டிரெய்லர்களில் பிரேக்கும் கிடையாது.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீட்டு டிரெய்லரை இழுத்துச் செல்பவர்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அவ்வளவு எடை இறங்கினால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்பும்; ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பலவீனமாகும். இதற்குத்தான் எடையைப் பகிர்ந்து தரும் கொக்கி. கொக்கியிலிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் பின்னோக்கிச் சென்று டிரெய்லரின் சட்டத்தில் சங்கிலியால் மாட்டப்படுகின்றன. சங்கிலியை இறுக்கினால் கம்பிகள் வளைந்து, எடையில் ஒரு பகுதியைக் காரின் முன் சக்கரங்களுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் தள்ளுகின்றன.

இதைச் சரிபார்க்க ஓர் அளவு நாடா போதும். டிரெய்லரை மாட்டுவதற்கு முன், முன் சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டு விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ள வேண்டும். மாட்டிய பிறகு அந்த உயரம் கூடும். பழைய உயரத்தை நெருங்கும்வரை கம்பிகளை இறுக்க வேண்டும். டிரெய்லர் தரைக்குச் சமமட்டமாக நிற்க வேண்டும். ஆனால் ஒன்று: பின்பாரம் ஏற்றிய டிரெய்லரை இந்தக் கொக்கி குணப்படுத்தாது. முதலில் பாரத்தைச் சரியாக ஏற்ற வேண்டும். கொக்கி அதற்குப் பிறகுதான்.

வடமாலபேட்டை டிராக்டருக்கு இந்தக் கொக்கி தேவையில்லை. அதன் வேலையைச் செய்ய டிராக்டரின் முகப்பில் மாட்டும் இரும்பு எடைக் கட்டிகள் இருக்கின்றன. பாரம் இழுக்கும்போது முன் சக்கரம் மேலெழும்பாமல் அவை பிடித்துக்கொள்ளும். டிரெய்லரைத் தாழ்வான இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால் மேட்டில் டிராக்டர் முன்னங்கால் தூக்கிப் பின்னால் கவிழக்கூடும். தேய்ந்து லொடலொடக்கும் கொக்கி முளையும், காற்றுக் குறைந்த டயரும் சின்ன ஆட்டத்துக்கு இடம் கொடுப்பவை.

கொக்கியில் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதை அறிய வழி இருக்கிறது. ஆலை வாசலில் எடை மேடை உண்டு. டிராக்டரின் தனி எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டியபடியே, டிராக்டரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்குமாறு நிறுத்தினால் 2,450 கிலோ காட்டுகிறது. அதாவது கொக்கியின் மேல் 450 கிலோ. டிரெய்லர் பாரத்தோடு 4,000 கிலோ என்றால் இது சுமார் 11 சதவீதம், பயமில்லை. மாறாக 1,950 காட்டினால் டிரெய்லர் டிராக்டரைத் தூக்குகிறது என்று பொருள். உடனே பாரத்தை முன்னால் மாற்ற வேண்டும். நான்கு சக்கர டிரெய்லருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் பாரம் இரண்டு அச்சுகளுக்கும் பொதுவாக அமைய வேண்டும். காசுக்காகத் தினமும் எடை போடும் மேடையில் உயிருக்காக ஒருமுறை எடை போட்டால் என்ன?

ஓடும்போது டிரெய்லர் ஆடத் தொடங்கிவிட்டால், பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் ஒடிப்பதும் ஆட்டத்தைப் பெருக்கும். வேகத்தைக் கூட்டித் தப்பப் பார்ப்பது அதைவிட மோசம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பிறகு ஓரம் கட்டி, பாரத்தை மாற்றிய பின்பே கிளம்ப வேண்டும்.

பாதி இறக்கிய டிரெய்லரிலும் எச்சரிக்கை தேவை. முன்பக்கக் கூடைகளை மட்டும் இறக்கிவிட்டுக் கொக்கியின் முளையை உருவினால், பின்பாரம் தரையில் சரிந்து, ஏர்க்கால் மேலே துள்ளும். அதற்கு மேல் குனிந்து நிற்பவரின் தாடை தப்பாது. மாம்பழமோ செங்கலோ, ஏற்றும்போது முன்னாலிருந்து, இறக்கும்போது பின்னாலிருந்து. பழைய வண்டிக்காரர் மாட்டுக்காகச் செய்ததை, சாலையில் நடக்கும் மனிதருக்காகச் செய்தால் போதும்.