ஃபைபருக்கு மாறினால் பழைய லேண்ட்லைன் நம்பர் போய்விடுமா? மாறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஹாலில் ஒரு ஓரமாகத் துணி போர்த்தி வைத்திருக்கும் லேண்ட்லைன் போன். மாதத்துக்கு நாலு கால் வந்தால் அதிகம். ஆனாலும் அந்த நம்பரை விட மனசு வராது. ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். கடை வைத்திருப்பவர் என்றால் போர்டிலும் பில் புத்தகத்திலும் இருபது வருஷமாக அச்சாகி வருவது அந்த நம்பர்தான்.

இப்போது தெருவுக்குத் தெரு ஃபைபர் வந்துவிட்டது. "நெட் போட்டா போனும் சேர்த்தே தர்றோம்" என்கிறார்கள். அப்போ பழைய நம்பர் என்ன ஆகும்?

சுருக்கமான பதில் இதுதான். கம்பெனியை மாற்றாமல் செம்புக் கம்பியை மட்டும் ஃபைபராக மாற்றினால் நம்பரைக் காப்பாற்ற வழி உண்டு. கம்பெனியையே மாற்றினால் நம்பர் கூட வராது. ஏன் இப்படி?

செல்போனில் முடிகிறது, லேண்ட்லைனில் ஏன் முடியாது?

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி, அதாவது எம்.என்.பி., 2010 நவம்பர் 25-ல் ஹரியானாவில் தொடங்கியது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலை 3 முதல் வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. ஆனால் இந்த விதி மொபைலுக்கு மட்டும்தான். லேண்ட்லைனுக்கு அப்படியொரு வசதி இந்தியாவில் இல்லை.

காரணம் நம்பருக்குள்ளேயே இருக்கிறது. சென்னைக்கு 044, மதுரைக்கு 0452, கோவைக்கு 0422 என எஸ்.டி.டி. கோடு ஊரைச் சொல்கிறது. அதற்கு அடுத்து வரும் இலக்கம் பொதுவாகக் கம்பெனியைச் சொல்லும். சென்னையில் 2-ல் தொடங்கினால் பி.எஸ்.என்.எல்., 4-ல் தொடங்கினால் ஏர்டெல். ஊருக்கும் கம்பெனிக்கும் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கப்பட்ட வரிசை அது. அதனால்தான் மதுரை நம்பரைச் சென்னைக்குக் கொண்டுவர முடிவதில்லை. பி.எஸ்.என்.எல். நம்பரை ஜியோவிலோ ஏர்டெலிலோ போட்டு ஓட்டவும் முடிவதில்லை. அவர்கள் ஃபைபரோடு கொடுக்கும் லேண்ட்லைன் நம்பர் புது நம்பராகத்தான் இருக்கும்.

ஃபைபரில் போன் எப்படி வேலை செய்கிறது?

பழைய முறையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை இரண்டு செம்புக் கம்பிகள் வரும். குரல் மின்சார அலையாக அதில் போகும். ஃபைபரில் குரல் டேட்டாவாக மாறி இன்டர்நெட் முறையில் பயணிக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டும் ஓ.என்.டி. பெட்டியின் பின்னால் போனுக்கென்று ஒரு ஓட்டை இருக்கும். பழைய போனின் வயரை அதில் சொருகினால் போதும்.

இங்கே நம்பர் என்பது கம்பியோடு கட்டப்பட்ட ஒன்றல்ல. கம்பெனியின் சர்வரில் இருக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை உங்கள் வீட்டுப் பெட்டியோடு இணைத்துவிட்டால் அதே நம்பர் ஃபைபரிலும் அடிக்கும். பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்கள் அதே நம்பரோடு ஃபைபருக்கு மாற முடிவது இப்படித்தான்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பல ஊர்களில் பி.எஸ்.என்.எல். ஃபைபரை வீட்டுக்கு இழுத்துக் கொடுப்பது உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் போன்ற பார்ட்னர்கள். அவர்களிடம் "ஃபைபர் வேணும்" என்று மட்டும் சொன்னால், புது கனெக்‌ஷனாகப் பதிவாக வாய்ப்பு அதிகம். அப்போது புது நம்பர் விழும். பழைய லைன் ஒரு பக்கம் தனியாக பில் போட்டுக்கொண்டே இருக்கும். "ரெண்டு பில் எதுக்கு" என்று வீட்டில் பழையதை சரண்டர் செய்துவிடுவார்கள். நம்பர் அங்கேயே போச்சு.

எனவே கேட்க வேண்டிய வார்த்தை "புது கனெக்‌ஷன்" இல்லை. "இருக்கிற லேண்ட்லைனை அதே நம்பரோட ஃபைபருக்கு மாத்திக் கொடுங்க" என்பதுதான். விண்ணப்பத்திலும் அதே நம்பரைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கல், லைன் யார் பெயரில் இருக்கிறது என்பது. நிறைய வீடுகளில் அது இறந்துபோன தாத்தா அல்லது அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை நாள் பில் கட்டியதால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாற்றம் என்று போகும்போது பெயரும் ஆவணமும் ஒத்துப்போக வேண்டும். வாரிசு பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் முடித்துவிட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. பாக்கி பில் இருந்தால் அதையும் கட்டிவிடுவது நல்லது.

கரண்ட் போனால் போன் பேசுமா?

நம்பரைவிடப் பெரிய விஷயம் இது. பழைய லேண்ட்லைனுக்கு வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து சுமார் 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வரும். வீடே இருட்டாக இருந்தாலும் டயல் டோன் கேட்டது அதனால்தான்.

ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. ஓ.என்.டி. பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் இல்லையென்றால் போன் ஊமை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பர் வர்தா புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்போன் டவர்களும் படுத்துவிடும் நேரம் அது. தனியாக இருக்கும் வயதானவர்கள் 112-க்குப் பேச வேண்டுமென்றால்?

இதற்காக செம்புக் கம்பியே மேல் என்று சொல்லிவிட முடியாது. மழைத் தண்ணீர் இறங்கினால் செம்பு லைன் கரகரக்கும், துருப்பிடிக்கும். திருடு போவதும் உண்டு. ஃபைபருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பெட்டிக்கு ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி வைப்பது, அல்லது வீட்டு இன்வெர்ட்டர் லைனில் அதைச் சேர்ப்பது கட்டாயம். அதுவும் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரிட்டன் சொல்லும் பாடம்

இதே மாற்றத்தை நாடு முழுக்கச் செய்துகொண்டிருக்கும் பிரிட்டனைப் பார்த்தால் பிரச்சினையின் அளவு புரியும். அங்கே பழைய செம்பு டெலிபோன் நெட்வொர்க்கை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தார்கள். பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். முதியவர்கள் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவிகள் லேண்ட்லைனை நம்பித்தான் இயங்கின. லைன் மாறியபோது சிலருடைய கருவி வேலை செய்யாமல் போனது. 2023 டிசம்பரில் அரசு தலையிட்டு, கட்டாய மாற்றத்தைக் கம்பெனிகள் நிறுத்திவைத்தன.

கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணுக்குப் பேச வழி செய்ய வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் சொல்கிறது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு அது கம்பெனியின் பொறுப்பு. கம்பெனி மாறினாலும் லேண்ட்லைன் நம்பரைக் கொண்டுபோகும் உரிமையும் அங்கே இருக்கிறது. இங்கே நம்பரைப் பத்திரப்படுத்துவதும் பேட்டரி வாங்குவதும் வாடிக்கையாளர் தலையில்தான்.

இனி என்ன மாறலாம்?

லேண்ட்லைன் நம்பர் முறையைத் திருத்த 2025 பிப்ரவரியில் டிராய் பரிந்துரை கொடுத்தது. அதன்படி, ஒரே ஊருக்குள் லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்குப் பேசினாலும் 0 போட்டு எஸ்.டி.டி. கோடையும் சேர்த்து அழுத்த வேண்டும். யாருடைய நம்பரும் மாறாது என்றும் அதில் சொல்லப்பட்டுள்ளது. ஆனால் இதனாலேயே கம்பெனி விட்டுக் கம்பெனி நம்பரைக் கொண்டுபோகும் உரிமை வந்துவிடாது. அதற்குத் தனி விதி வேண்டும்.

மாறும் முன் ஒரு செக்லிஸ்ட்

* பழைய லைனை முதலில் சரண்டர் செய்யாதீர்கள். ஃபைபரில் அதே நம்பருக்கு ஒரு கால் வந்து பேசிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.
* வேறு கம்பெனிக்குப் போவதாக இருந்தால், பழைய லைனைக் குறைந்த பிளானில் சில மாதம் வைத்து, புது நம்பருக்கு கால் ஃபார்வர்டிங் போடுங்கள். அதற்குள் வங்கி, கேஸ், இன்சூரன்ஸ், டாக்டர், உறவினர் எல்லோருக்கும் சொல்லிவிடலாம்.
* லேண்ட்லைன் நம்பரில் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால், நம்பரை விடும் முன் அந்தக் கணக்கைப் புது நம்பருக்கு மாற்றிவிடுங்கள்.
* மாடியில் ஒரு போன், கீழே ஒரு போன் என்று இருந்தால், வந்து மாட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இரண்டுக்கும் இனி அந்தப் பெட்டியிலிருந்துதான் வயர் இழுக்க வேண்டும். சுற்றி டயல் செய்யும் பழைய போன் பல பெட்டிகளில் வேலை செய்யாது.
* லிஃப்ட் அவசர போன், திருட்டு அலாரம், ஃபேக்ஸ் எதுவும் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள்.
* மாற்றம் முடிந்ததும் ஒரு தடவை மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, போனை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோன் கேட்கவில்லையென்றால் பேட்டரி வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.