இரண்டு லாரி கடலையும் ஒரு போஸ்ட் கார்டும்

2007 மே மாதம் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, 'ஜெரிக்கோ' என்ற தொடரை நிறுத்தியது. கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் கதை அது. கடைசிப் பகுதியில், சரணடையச் சொல்லும் எதிரிக்கு நாயகன் 'நட்ஸ்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்வான். 'முடியாது, போடா' என்று பொருள். கடலை, முந்திரி வகைகளுக்கும் அங்கே அதே சொல்தான். ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒரு கடலை வியாபாரியிடம் சொல்லி, சிபிஎஸ் அலுவலகத்துக்கு நிலக்கடலையாக அனுப்பி வைத்தார்கள். சுமார் 20 டன். நம் விருதுநகர் மண்டிக் கணக்கில் இரண்டு லாரி லோடு. ஜூன் முதல் வாரமே நிறுவனம் இறங்கி வந்து, மேலும் 7 பகுதிகள் எடுக்கச் சம்மதித்தது.

விவசாயப் பக்கத்தில் இந்தக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். நமக்கான வானொலி, தொலைக்காட்சி வேளாண் நிகழ்ச்சி ஒன்று நேரம் மாறினால், சுருங்கினால், நின்றே போனால் நாம் என்ன செய்கிறோம்? 'இப்பல்லாம் அது வர்றதில்லப்பா' என்று டீக்கடையில் ஒரு பேச்சு. அதோடு சரி. 1960-களில் திருச்சி வானொலி சொல்லித் தஞ்சாவூர் வயல்களில் பரவிய ஆடுதுறை 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தவர்கள் நம் உழவர்கள்.

விஸ்வநத்தம் பக்கத்து நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் மானாவாரிக் காடும் உண்டு, பட்டாசு ஆலை வேலையும் உண்டு. மக்காச்சோளத்தில் புழு விழுந்தால் அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையம் வரை போய்வர ஒரு நாள் கூலி போகும். வேலை முடிந்து திரும்பிய பிறகு காதில் விழும் அரைமணி நேர நிகழ்ச்சிதான் அந்த வீட்டுக்கு வேளாண் அலுவலர். அதை இழப்பவர், பூச்சிமருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டப்பாவை நம்பித்தான் காட்டுக்குள் இறங்க வேண்டும்.

ஜெரிக்கோவை முதலில் நிறுத்தியதற்கு ஒரு காரணம், பலர் அதைப் பதிவு செய்துவைத்தும் இணையத்திலும் பிறகு பார்த்ததுதான். கணக்கில் அவர்கள் சரியாக வரவில்லை. நாமும் யூடியூபில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். நிலையத்துக்காரர்கள் கண்ணுக்கு அந்த நேரத்தில் ஆளே இல்லை. கடலை அனுப்பியும் அந்தத் தொடர் வெகுநாள் ஓடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்ப்போர் எண்ணிக்கை கூடாததால் 2008 மார்ச்சில் மறுபடி நின்றது. 2011-ல் பிபிசி இந்திச் சிற்றலை ஒலிபரப்பை மூடப் போவதாக அறிவித்தபோதும் நேயர்கள் எதிர்த்தார்கள். மாலை ஒரு மணி நேரம் மட்டும் மிஞ்சியது. அதுவும் 2020 ஜனவரியில் நின்றது. ஆனாலும் அந்த ஒன்பது வருஷம் சும்மா வந்ததல்ல.

ஆகவே நின்ற பிறகு கூச்சல் போடுவதைவிட, ஓடும்போதே எழுதுங்கள். மதுரை, திருநெல்வேலி வானொலி நிலையங்களுக்கோ, சென்னைத் தொலைக்காட்சிக்கோ ஒரு போஸ்ட் கார்டு. 'நிகழ்ச்சி அருமை' என்று மட்டும் எழுதினால் அது எடுபடாது. எந்தத் தேதி கேட்டீர்கள், படைப்புழுவுக்கு என்ன சொன்னார்கள், எத்தனை ஏக்கரில் செய்தீர்கள், எத்தனை மருந்தடிப்பு மிச்சம் என்று எழுதுங்கள். உங்களுக்கு ஒத்துவராத நேரம் என்றால், எந்த நேரம் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆலை விடும் நேரம் நிலையத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த உழவர் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது பையில் இருபது கார்டு கொண்டு போங்கள். முகவரியை நீங்களே எழுதி வைத்துவிடுங்கள். மற்றதை அவர்கள் எழுதட்டும். எழுத வராதவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கும்.