விளைநிலத்தில் தொடங்கும் காவல்

நுழையும்முன்

ஒரு வேளை உணவில் பல நாடுகளின் மண்ணும் நீரும் கலந்திருக்கும் காலம் இது. அவ்வுணவு நலம் தருமா, நோய் தருமா என்பதைத் துறைமுகத்தில் நிற்கும் ஆய்வாளர் மட்டும் உறுதிசெய்துவிட முடியாது. இறக்குமதி செய்யும் நாடு, ஏற்றுமதி செய்யும் நாட்டுக்குத் துணைநிற்க வேண்டியது ஏன் என்பதை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

வாயிற்காவலின் எல்லை

தஞ்சாவூர் வீடொன்றில் சாம்பாருக்காக வேகும் துவரம்பருப்பு, தான்சானியாவிலோ மொசாம்பிக்கிலோ விளைந்ததாக இருக்கலாம். ஐரோப்பிய நகரொன்றின் உணவு மேசைக்கு வரும் இறால், தமிழகக் கடற்கரையின் பண்ணைக்குட்டையில் வளர்ந்ததாக இருக்கலாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தும் மீனின் செவுளைத் தூக்கியும் பார்த்து வாங்குவது ஊர்ச்சந்தையின் வழக்கம். கடல் கடந்து வரும் உணவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வாங்குபவரின் கண்ணுக்கும் கைக்கும் மாற்றாகத் துறைமுக ஆய்வாளரும் ஆய்வுக்கூடமும் சான்றிதழும் இன்று நிற்கின்றன.

இக்காவல் தேவையானது, ஆனால், போதுமானது அன்று. செல்வ வளமும் அறிவியல் வளமும் மிக்க அமெரிக்காவிலேயே, இறக்குமதியாகும் உணவுச் சரக்குகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் நேரில் பிரித்து ஆராயப்படுகின்றன. எஞ்சியவை ஆவணங்களின் துணையோடு கடந்து செல்கின்றன. அனைத்தையும் பிரித்துப் பார்ப்பதென்றால் கப்பல்கள் துறைமுகத்திலேயே காத்துக்கிடக்கும். கனிகளும் மீனும் அழுகும்.

ஆய்வுக்கு எடுக்கும் மாதிரியும் முழு உண்மையைச் சொல்வதில்லை. நிலக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. கல்லீரலைத் தாக்கிப் புற்றுநோயை விளைவிக்கவல்ல இந்நச்சு, சமைக்கும் வெப்பத்தில் முற்றும் அழிவதில்லை. மூட்டை முழுவதும் அது சீராகப் பரவியிருப்பதும் இல்லை. பெரும்பாலான பருப்புகள் தூயவையாக இருக்க, ஒரு சிலவற்றில் மட்டும் செறிந்திருக்கும். ஆய்வாளர் எடுக்கும் மாதிரியில் அந்தச் சில பருப்புகள் அகப்படாவிட்டால், மூட்டை முழுவதும் தூயது என்றே சான்று பெறும். அறுவடை செய்த கடலையை ஈரம் போக உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் சேமித்தால் பூஞ்சையின் வளர்ச்சி பெருமளவு தடுக்கப்படும். துறைமுகத்தில் தேடப்படும் தூய்மை, உண்மையில் களத்துமேட்டில் உருவாக வேண்டிய ஒன்று.

தெரியுமா?

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனமே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அந்த ஆய்வின் வழியாகவே அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது. நச்சை உண்டாக்கும் ‘அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்னும் பூஞ்சையின் பெயரிலிருந்து இச்சொல் உருவானது.

விக்டோரியா ஏரி கற்பித்த பாடம்

கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவானது, ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய ஏரியான விக்டோரியா. 1950களில் அதில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெருமீன், 1990களில் ஐரோப்பியச் சந்தையின் விருப்பப் பொருளாயிற்று. மீனவர் பிடித்துவந்த மீன் கரையோர ஆலைகளில் முள் நீக்கப்பட்டு, குளிரூட்டப்பட்டு, வானூர்தியில் ஐரோப்பாவுக்குச் சென்றது.

1997ஆம் ஆண்டு இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் காலரா பரவியபோது, அப்பகுதியின் பச்சை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்தது. பன்னாட்டு உணவு வணிகத்தால் காலரா பரவும் வாய்ப்பு மிகச் சிறிது என்றும், தடையைத் தவிர்த்த வேறு வழிகளாலேயே அதனை எதிர்கொள்ள இயலும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கருத்துரைத்தது. 1998ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அத்தடை நீங்கியது. ஆயினும், அடுத்த ஆண்டே வேறோர் இடர் எழுந்தது. சிலர் ஏரி நீரில் பூச்சிக்கொல்லியைக் கலந்து மீன் பிடிப்பதாகச் செய்தி வர, மீண்டும் தடை வந்தது. தங்கள் மீனில் நஞ்சு இல்லை என்று மெய்ப்பிக்க விரும்பிய நாடுகளிடம், அதற்குரிய ஆய்வுக்கூட வசதி போதிய அளவில் இல்லை. தடை முழுவதும் நீங்கியபோது 2000ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தது.

நஞ்சைக் கலந்தவர்கள் சிலர்; வருவாயை இழந்தவர்கள் பலர். வலை வீசுவோர், படகு செலுத்துவோர், சுமை தூக்குவோர், ஆலைத் தொழிலாளர் என அனைவரும் அத்தடையின் சுமையைத் தாங்கினர்.

ஏரியின் நிலைமையை மாற்றியது தடை மட்டும் அன்று. உகாண்டாவில் ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பு முதலானவற்றின் துணையோடு மீன் ஆய்வுப்பணி சீரமைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் பயிற்சி பெற்றனர். மீன் இறங்குதுறைகளில் தூய்மை வசதிகள் ஏற்படுத்தப்பட்டன. முடிந்த பொருளைச் சோதிப்பதோடு நில்லாமல், எந்த நிலையில் கேடு புகக்கூடும் என முன்னரே ஆராய்ந்து, அந்நிலையிலேயே அதனைத் தடுக்கும் முறையை ஆலைகள் கைக்கொண்டன. ஐரோப்பியச் சந்தை மீண்டும் திறந்தது. தடை ஒரு பெட்டி மீனை நிறுத்தவல்லது. அடுத்த பெட்டியும் தூயதாக வருவதற்குப் பயிற்சியும் கருவியும் நீரும் பனிக்கட்டியும் வேண்டும்.

காலம் தாழ்ந்த உதவி

1996ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,400க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர். ‘சைக்ளோஸ்போரா’ என்னும் ஒட்டுண்ணியே காரணம் எனத் தெரிந்தது. முதலில் கலிஃபோர்னியாவின் ஸ்ட்ராபெரிப் பழங்கள்மீது ஐயம் எழ, அங்குள்ள உழவர்கள் குற்றமின்றியே இழப்புக்கு ஆளாயினர். குவாதமாலா நாட்டிலிருந்து வந்த ராஸ்பெரிப் பழங்களே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அடுத்த ஆண்டும் நோய் தொடர்ந்தது. அதன் பின்னரே, பாசன நீர் முதல் பணியாளர் தூய்மை வரை அனைத்தையும் கண்காணிக்கும் திட்டம் இருதரப்பு ஒத்துழைப்போடு உருவாயிற்று. அதற்குள் வணிகர்கள் மெக்சிகோவை நாடிச் சென்றுவிட்டனர். 1996இல் குவாதமாலாவில் ஏறத்தாழ 85 பேர் ராஸ்பெரி பயிரிட்டனர். 2002இல் எஞ்சியவர் மூவர் மட்டுமே. நோய் வந்தபின் நீளும் கை, உண்பவரையும் காப்பதில்லை, விளைவித்தவரையும் காப்பதில்லை.

இரண்டு தட்டுகள்

ஏற்றுமதிப் பொருளை மட்டும் தூய்மையாக்கும் உதவி அரைகுறை உதவியே. விக்டோரியா ஏரிக்கரையில் சதைப்பகுதி ஐரோப்பாவுக்குச் செல்ல, மிஞ்சிய தலையும் முள்ளும் உள்ளூர்ச் சந்தைகளில் பொரித்து விற்கப்பட்டன. அயல்நாட்டார் தட்டுக்குக் குளிரூட்டிய வண்டியும் ஆய்வுச்சான்றும் துணை இருந்தன. உள்ளூரார் தட்டுக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை.

அத்துணை இல்லாமையின் விலை என்ன என்பதை 2004ஆம் ஆண்டு கென்யா கண்டது. நாட்டின் கிழக்குப் பகுதியில் ஈரத்தோடு சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் பெருகியது. அதனை உண்ட 317 பேர் நோயுற்றனர். 125 பேர் உயிரிழந்தனர். அவர்கள் உண்டது ஏற்றுமதிப் பொருள் அன்று. அவர்களுள் பலருக்கு அது தம் நிலத்தில் விளைந்து, தம் வீட்டில் சேமித்த உணவு. அதனைச் சோதிக்க எந்த அயல்நாட்டு வணிகரும் கேட்கவில்லை. ஒரு நாட்டில் அமையும் ஆய்வுக்கூடமும் உலர்களமும் சேமிப்புக் கிடங்கும் ஏற்றுமதிச் சரக்குக்கு மட்டும் உரியவையாக நின்றுவிடாமல், உள்ளூர் உலைக்குச் செல்லும் தானியத்துக்கும் பயன்பட வேண்டும். உதவியின் தரத்தை அளக்கும் கோல் இதுவே.

மறுப்பும் விடையும்

‘விற்பவர் இலாபம் பெறுகிறார், தரத்துக்கான செலவையும் அவரே ஏற்கட்டும், வாங்கும் நாட்டின் வரிப்பணத்தை அயல்நாட்டு வயலில் ஏன் கொட்டவேண்டும்?’ என்று வினவுவோர் உண்டு. இவ்வினாவைப் புறந்தள்ள இயலாது. ஆலை உரிமையாளரின் பொறுப்பை அரசுகள் சுமக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால், நெறிமுறைகளை வகுப்பது வாங்கும் நாடு. விலையைக் குறைக்கச் சொல்வதும் அந்நாட்டு வணிகரே. தரம் உயரவேண்டும், விலை மட்டும் உயரக்கூடாது என்றால், இடையில் நசுங்குபவர் சிறு உழவரும் சிறு மீனவரும்தாம். பெருநிறுவனங்கள் தமக்கென ஆய்வுக்கூடம் அமைத்துக்கொள்ளும். இரண்டு ஏக்கர் நிலம் உடையவரால் அது இயலாது. பொது ஆய்வுக்கூடமும் பொதுப் பயிற்சியும் இல்லையெனில், தரநெறி அவரைச் சந்தையிலிருந்து வெளியேற்றும் கருவியாகிவிடும்.

உலக நாடுகள் இதனை ஏற்றும் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த, உணவு, விலங்கு, தாவர நலம் குறித்த உலக வணிக அமைப்பின் உடன்படிக்கை, வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று உறுப்பு நாடுகளிடம் எதிர்பார்க்கிறது. அமெரிக்கா 2011ஆம் ஆண்டு இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஏற்றுமதி நாடுகளின் ஆற்றலை வளர்ப்பதற்கும் திட்டம் வகுக்கச் சொல்கிறது. ஏட்டில் உள்ள இக்கடமை, அடுத்த நோய்ப்பரவலுக்கு முன்பே களத்துக்கு வரவேண்டும்.

இருபுறமும் நிற்கும் இந்தியா

இவ்வழக்கில் இந்தியா பெறுபவராகவும் நின்றிருக்கிறது, தருபவராகவும் நிற்கவேண்டியிருக்கிறது. 1997ஆம் ஆண்டு இந்தியக் கடலுணவுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்தது. அதன்பின் பதப்படுத்தும் ஆலைகள் நீர், பனிக்கட்டி, பணியாளர் தூய்மை எனப் பலவற்றையும் திருத்திக்கொண்டன. பண்ணை இறாலில் தடைசெய்யப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உள்ளனவா என்பதை அறுவடைக்கு முன்பே சோதிக்கும் முறையும் பின்னர் வந்தது. சரக்கு அயல்நாட்டுத் துறைமுகத்தில் தள்ளப்படுவதைவிடக் குட்டையின் கரையிலேயே குறை அறியப்படுவது பண்ணையாளருக்கும் நன்மை.

அதே இந்தியா இன்று பருப்பு வகைகளைப் பெருமளவில் இறக்குமதி செய்கிறது. துவரை வாங்குவதற்காக 2016ஆம் ஆண்டு மொசாம்பிக் நாட்டுடன் உடன்பாடும் செய்துகொண்டது. அந்நாட்டின் சிறு உழவர் பயன்படுத்தும் பூச்சிக்கொல்லியும், பருப்பை உலர்த்தும் களமும், சேமிக்கும் கிடங்கும் இனி இந்திய வீடுகளின் நலத்தோடு தொடர்புடையவை. தடையின் துன்பத்தைத் தானே பட்டறிந்த நாடு, தனக்கு விற்கும் நாடுகளிடம் சான்றிதழ் கேட்பதோடு நின்றுவிடலாகாது. தன் வேளாண் பல்கலைக்கழகங்களின் அறிவையும் ஆய்வுக்கூடங்களின் பட்டறிவையும் அவற்றோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

துறைமுகக் காவல் என்றும் வேண்டும். தவறு செய்யும் சரக்கைத் திருப்பியனுப்பும் உரிமையும் வேண்டும். ஆயினும் அவை இறுதி வாயில்கள். முதல் வாயில் விதைப்பவரின் நிலத்திலும் வலை வீசுபவரின் படகிலும் இருக்கிறது. அங்கே அளிக்கப்படும் துணை ஈகை அன்று. விளைவிப்பவர் வீட்டுத் தட்டையும் வாங்குபவர் வீட்டுத் தட்டையும் ஒருசேரக் காக்கும் கடமை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள உணவுப்பொருள்களில் பிற மாநிலங்களிலும் பிற நாடுகளிலும் விளைந்தவற்றைப் பட்டியலிட்டு, அவை கடந்துவந்த நிலைகளை எழுதுக.

2. ‘தரநெறிகள் சிறு உழவரைக் காக்கின்றனவா, விலக்குகின்றனவா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பகுதியில் நெல், நிலக்கடலை, கருவாடு ஆகியவற்றுள் ஒன்றை உலர்த்திச் சேமிக்கும் முறையை நேரில் கண்டறிந்து அறிக்கை உருவாக்குக.