மின்னஞ்சல் மோசடி: 'பேங்க்.இன்' அடையாளம் மட்டும் போதுமா?

பெங்களூரு: ஈஜிபுரா போன்ற பகுதிகளில் மளிகைக் கடை முதல் வீட்டு வாடகை வரை இணையவழிப் பணப்பரிமாற்றம் வழக்கமாகிவிட்ட நிலையில், "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்" என்று அச்சுறுத்தும் போலி மின்னஞ்சல்களை அடையாளம் காண்பது அவசியமாகியுள்ளது.

வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் 'பேங்க்.இன்' முகவரிக்கு மாற்ற வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் மட்டுமே இம்முகவரியைப் பதிவு செய்து வழங்குவதால், மோசடியாளர்கள் இதனைப் பெறுவது கடினம்.

எனினும், இந்த அடையாளம் இணையதளப் பெயரின் இறுதியில் அமைந்திருக்க வேண்டும். நடுவில் நுழைக்கப்பட்டு, அதன்பின் வேறு பெயர் தொடர்ந்தால் அது வங்கியின் தளம் அன்று. மேலும், வங்கி அல்லாத நிறுவனங்களின் பணப்பரிமாற்றச் செயலிகளுக்கு இந்த அடையாளம் பொருந்தாது. எனவே, மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தவிர்த்து, செயலியை நேரடியாகத் திறந்து சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

இழப்பு யாரைச் சாரும் என்பதே இதில் முக்கியக் கேள்வி. வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்தது. ஆனால், கடவுச்சொல் போன்ற விவரங்களை அவரே பகிர்ந்திருந்தால், புகார் அளிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சாரும் என்றும் அது கூறியது. போலிப் பக்கத்தில் ஓடிபி எண்ணை உள்ளிடுபவரும் இந்த வரம்புக்குள் தள்ளப்படும் அபாயம் உள்ளது.

ஆகவே, ஏமாந்தது தெரிந்ததும் தயங்காமல் முதலில் வங்கிக்கும், உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிப்பது இன்றியமையாதது. தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர வழிவகுக்கும்.