தொழிற்பெயர் அறிந்தார்க்கு ஆங்கிலம் அரிதன்று

தமிழ்வழியில் பயின்று கல்லூரி புகும் மாணவர் பலர், ஆங்கில வகுப்பில் 'ஜெரண்ட்' என்னும் சொல்லைக் கேட்டதும் மருள்கின்றனர். வினையோடு 'இங்' சேர்ந்து பெயராய் நிற்பது என்று வரையறையை மனப்பாடம் செய்கின்றனர், தேர்விலும் வெல்கின்றனர். ஆனால், வேலைக்கு விண்ணப்பம் எழுத அமர்ந்தால் தடுமாறுகின்றனர். இவ்வச்சம் வேண்டாதது என்பதே நம் கருத்து. பள்ளியிலேயே அவர்கள் கற்ற தொழிற்பெயருக்கு ஆங்கிலம் இட்ட பெயரே ஜெரண்ட்.

தல், அல், கை, பு முதலானவை தொழிற்பெயர் விகுதிகள். படித்தல், ஆடல், வருகை, நடப்பு என்பன காலமும் இடமும் காட்டாமல் தொழிலுக்குப் பெயராய் நிற்பன. பெயராதலின் வேற்றுமை உருபு ஏற்கும். வினையின் இயல்பு முற்றும் நீங்காமையின் 'நூலைப் படித்தல்' எனச் செயப்படுபொருளும் கொள்ளும். 'ரீடிங் புக்ஸ்' என்பதும் அத்தகையதே.

வினை வேற்றுமை கொள்ளாது என்பது தொல்காப்பியர் துணிபு. நம் வேற்றுமை உருபுகளின் பணியை ஆங்கிலத்தில் பெரும்பாலும் முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. ஆகவே, அவற்றின்பின் வரும் வினையும் பெயர்வடிவு பெறுதல் வேண்டும். 'பை ரீடிங்' எனின் 'படித்தலால்'. விண்ணப்ப இறுதியில் 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' என நம் மாணவர் எழுதுவது பிழை. ஆண்டுள்ள 'டு' நம் 'கு' உருபை ஒத்தது; எனவே 'ஹியரிங்' என்பதே சரி.

'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' எனின் புகைத்தலை நிறுத்தினான். 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' எனின் புகைக்க நின்றான். முன்னது தொழிற்பெயர், பின்னது செயவென் எச்சம். இவ்வேறுபாட்டை உணரத் தமிழ் மாணவர்க்குத் தனிப்பயிற்சி வேண்டுமா?

இடர் ஒன்றுண்டு. 'ஸ்லீப்பிங் சைல்ட்' உறங்கும் குழந்தை. 'ஸ்லீப்பிங் பில்' உறங்கும் மாத்திரையன்று, உறங்குதற்குரிய மாத்திரை. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்த இரண்டு ஈறுகள் பிற்காலத்தில் ஒன்றானமையால் நேர்ந்த மயக்கம் இது. தமிழில் பெயர்த்துப் பார்ப்பின் பெயரெச்சம் எது, தொழிற்பெயர் எது என்பது புலனாகும்.

அரபு மொழியிலும் இதற்கு நிகரான 'மஸ்தர்' உண்டு. நம் இல்லங்களில் வழங்கும் 'கிராஅத்' என்பது ஓதுதல் என்னும் பொருள்தரும் மஸ்தரே. மஸ்தரினின்றே வினை பிறந்தது எனப் பஸ்ரா இலக்கணிகளும், வினையினின்றே மஸ்தர் பிறந்தது எனக் கூஃபா இலக்கணிகளும் வாதிட்டனர். பகுதியோடு விகுதி புணர்த்தும் நம் மரபு பின்னவரைச் சார்ந்தது எனலாம்.

'என்ஜாய்' தொழிற்பெயரையும் 'வான்ட்' எச்சத்தையும் வேண்டுதல் போன்றவற்றைப் பழகியே அறிதல் வேண்டும். எனினும் அடிப்படை நம்மிடம் உள்ளது. அதை விகுதிப் பட்டியலாக்கித் தேர்வோடு முடித்துவிட்ட பிழை தமிழாசிரியராகிய நம்முடையது. ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் கூடி ஆண்டிற்குச் சில வகுப்புகளேனும் நடத்துமாயின், தாய்மொழி இலக்கணம் சுமையன்று, திறவுகோலே என்பதை மாணவர் உணர்வர்.