மாதிவெலவில் ஒரு நியாயம், லயத்தில் ஒரு நியாயம்



கடந்த மாதம் சந்தா சேர்க்கப் போன இடத்தில் ஒரு அக்கா எம்மை நிறுத்திக் கேட்டார்: "எம்பிமாருக்குச் சம்பளம் ஐம்பத்து நாலாயிரந்தானாமே, நெசமாங்க சேர்? அப்ப நம்மளவிடக் கொஞ்சந்தான் கூடவா?"

கொழுந்து நிறுக்க நின்ற இன்னொருவர் சிரித்தார். "அவங்களுக்கு வீடு சும்மா மாதிரி. நமக்கும் லயம் சும்மாதானே. ரெண்டும் ஒன்னுதான் போ."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை இந்த இதழில் எழுதுகிறோம்.

முதலில் கணக்கு

2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்குப் பிறகு, புதிய உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் படிகள் என்னென்ன என்று பாராளுமன்ற அதிகாரிகளே பகிரங்கமாக விளக்கினார்கள். ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மாதாந்தப் படி 54,285 ரூபாய். அக்கா கேள்விப்பட்டது சரிதான். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. சபை கூடும் நாளில் வருகை தந்தால் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். அலுவலகம் நடத்த மாதம் ஒரு இலட்சம். தொலைபேசிக்கு 50,000. எரிபொருளுக்கு, தூரத்தைப் பொறுத்துத் தனிக் கணக்கு.

எமது கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,750 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 1,550 கம்பனி தருவது. மிச்சம் 200 அரசாங்கம் தரும் வரவு ஊக்கத்தொகை. மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால் 43,750. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 3,100 போனால் கைக்கு வருவது 40,650. கடை பாக்கி, கோயில் வரி, சங்கச் சந்தா எல்லாம் அதற்குப் பிறகு. 25 நாள் வேலை கிடைக்காத மாதம், மழையில் அரைப்பேர் விழுந்த நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்ற நாள் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

54,285ஐயும் 43,750ஐயும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பத்தாயிரத்துச் சொச்சம்தான். அதைக் காட்டித்தான் "எங்கள் சம்பளமும் சின்னதுதான்" என்கிறார்கள். ஆனால் அலுவலகத்துக்கும் தொலைபேசிக்கும் மட்டுமே மாதம் ஒன்றரை இலட்சம். எமக்கு அது மூன்று மாதச் சம்பளத்தை விடக் கூட. இன்னொன்றையும் பாருங்கள். "வரவு" என்ற சொல் இரண்டு இடத்திலும் இருக்கிறது. வேலைக்கு வந்ததற்காகத் தனியாகக் கொடுக்கும் பணம் பாராளுமன்றத்தில் 2,500. மலையில் 200.

சம்பளம் கொடுப்பது தவறா?

இந்தக் கணக்கைக் கேட்டதும் "அவங்களுக்கு ஒரு சதமும் குடுக்கக் கூடாது" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனாலும் நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம்.

1838இல் பிரித்தானியத் தொழிலாளர்கள் தமது சாசனத்தில் ஆறு கோரிக்கைகளை வைத்தார்கள். சார்ட்டிஸ்ட் இயக்கம் என்று வரலாறு சொல்லும் இயக்கம் அது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பது அந்த ஆறில் ஒன்று. காரணம், அன்று உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. அதனால் நிலம் உள்ளவனும் முதல் உள்ளவனும்தான் சட்டம் செய்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவன் நாட்கூலியை விட்டுவிட்டு லண்டனுக்குப் போய் உட்கார முடியாது. அந்தக் கோரிக்கை நிறைவேற 1911ஆம் ஆண்டு வரை போனது.

ஆகவே மக்கள் பிரதிநிதிக்குச் சம்பளம் என்பது தொழிலாளி கேட்டு வாங்கியது. சம்பளம் இல்லாத பாராளுமன்றத்துக்குத் தோட்டத்துரை போவார், தோட்டத் தலைவர் போக முடியாது. இதை நாம் மறக்கக் கூடாது. மறந்தால், ஏழை உறுப்பினரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு பணக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களாவோம்.

நாற்பது கிலோமீற்றர் விதி

இப்போது வீட்டுக்கு வருவோம். பாராளுமன்றத்துக்குக் கிட்ட மாதிவெலவில் உறுப்பினர்களுக்கென்று ஒரு வீட்டுத் தொகுதி இருக்கிறது. பாராளுமன்றத்திலிருந்து 40 கிலோமீற்றருக்கு அப்பால் வசிக்கும் உறுப்பினர்களுக்கு அங்கே வீடு. மாத வாடகை 2,000 ரூபாய்.

அந்தத் தொகையை இன்னொரு முறை வாசியுங்கள். 2,000 ரூபாய். கொழும்பு மாவட்டத்தில் அந்தக் காசுக்கு ஒரு கட்டில் போடவும் இடம் கிடைக்காது.

இந்த விதியின் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவரின் வேலை ஒரு இடத்தில், வீடு தூர இடத்தில். தினமும் போய்வர முடியாது. வெளியில் வாடகைக்கு எடுத்தால் சம்பளம் வாடகைக்கே போய்விடும். அதனால் வேலைக்குக் கிட்ட, தாங்கக்கூடிய வாடகையில் வீடு தரவேண்டும். நல்ல நியாயம். நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

எமது கேள்வி ஒன்றுதான். இந்த நியாயம் பாராளுமன்ற உறுப்பினருக்கு மட்டும்தான் பொருந்துமா?

எமது பாடசாலையில் சாதாரண தரம் எழுதிய ஒரு மாணவி இன்று கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது எம்மைப் பார்க்க வந்தாள். ஒரு அறையில் நான்கு பேர். ஆளுக்கு எட்டாயிரம் ரூபாய். சேரும்போது முற்பணம் வேறு. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வீட்டுக்காரர் சொன்னதுதான் கணக்கு, பற்றுச்சீட்டு இல்லை. காலையில் குளிக்க வரிசை. "லயத்துலகூட இஸ்தோப்புல ஒக்கார எடம் இருக்கும் சேர், அங்க கட்டில விட்டா எடமே இல்ல" என்றாள். அவளுடைய வீட்டிலிருந்து வேலைத்தலம் நூறு கிலோமீற்றருக்கும் மேல். நாற்பது கிலோமீற்றர் விதி அவளுக்கு ஏன் இல்லை?

கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கும் எமது பையன்களைப் பாருங்கள். பலர் கடை மாடியிலேயே படுக்கிறார்கள். அதற்கு வாடகை இல்லை என்று முதலாளி சொல்கிறார். கடையிலேயே படுக்கிறவன் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கவும் வேண்டும், இரவு பதினொரு மணிக்கு மூடவும் வேண்டும் என்பதை அவர் சொல்வதில்லை. வேலையை விட்டால் அன்றிரவே படுக்க இடமில்லை.

இந்தக் கதை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா?

லயம் சும்மா இல்லை

சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் கம்பனி தரப்பு ஒரு பட்டியலை எடுக்கும். வீடு கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், பிள்ளைக் காம்பரா நடத்துகிறோம், இவற்றையும் சம்பளத்தோடு சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லும். எம்மில் சிலரும் அதை நம்பி "லயம் சும்மாதானே" என்கிறோம்.

சும்மா கிடைத்ததா? கொள்ளுப்பாட்டன் காலத்தில் கட்டிய காம்பராவுக்கு நான்கு தலைமுறை உழைப்பு போயிருக்கிறது. கூரைத் தகரம் ஓட்டையானால் மாற்றுவது நாங்கள். சிமெந்து வாங்கித் தரை பூசியது நாங்கள். இருந்தும் ஒரு குசினியை நீட்டிக் கட்ட வேண்டுமென்றால் துரையிடம் அனுமதி கேட்கவேண்டும். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்ற அழுத்தம். ஓய்வு பெற்ற அப்பாவும் அம்மாவும் இருக்கும் காம்பராவைக் காப்பாற்றவே ஒரு மருமகள் மலைக்குப் போகிற குடும்பங்கள் எமது தோட்டங்களில் எத்தனை! அந்த மருமகள் கட்டுவதுதான் வாடகை. அவள் அதைப் பணமாகக் கட்டுவதில்லை, தன் உழைப்பால் கட்டுகிறாள்.

மாதிவெல வீட்டையும் இதையும் ஒன்றென்று சொன்ன தோழருக்கு நாங்கள் சொல்வது இதுதான். பதவி போனால் உறுப்பினரும் மாதிவெலவை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் அவருக்குப் போக ஒரு சொந்த வீடு இருக்கிறது. 40 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் அந்த வீட்டைக் காட்டித்தான் மாதிவெல வீட்டையே வாங்கினார். எமக்கு லயத்தை விட்டால் போக எந்த வீடும் இல்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். மண்சரிவு வரும் இடம், இனி அங்கே இருக்கக் கூடாது என்றார்கள். இடம்பெயர்ந்தவர்கள் வாடகை வீட்டில் இருக்க உதவித்தொகை என்றார்கள். நல்லது. ஆனால் தோட்டத்துக்குள் வாடகைக்கு வீடு எங்கே இருக்கிறது? சொந்த வீடு உள்ளவன்தானே வாடகைக்கு விடமுடியும்? டவுனுக்குப் போய் அறை எடுத்தால் பிரட்டுக்களத்துக்கு விடிய எப்படி வருவது? நட்டஈடு கேட்டுப் போனால் உறுதி எங்கே, காணி யாருடைய பெயரில் என்று கேள்வி. இருநூறு வருடம் இருந்தும் எம்மிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பறித்தது சரி, கொடுத்தது எங்கே?

2025 ஜனவரியில் ஜனாதிபதி ஒரு கணக்கைச் சொன்னார். கொழும்பு விஜேராம மாவத்தையில் ஒரு முன்னாள் ஜனாதிபதி குடியிருந்த அரச இல்லத்தை வாடகைக்குக் கொடுத்தால் மாதம் 46 இலட்சம் ரூபாய் பெறும் என்று மதிப்பிட்டிருக்கிறார்களாம். அதே வருடம் செப்டெம்பரில், முன்னாள் ஜனாதிபதிகளுக்கு இல்லமும் வாகனமும் கொடுத்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கியது. அதை நாமும் வரவேற்றோம்.

ஆனால் கைதட்டி முடிந்ததும் கணக்குப் பார்க்கவேண்டும். இந்திய உதவியில் மலையகத்தில் கட்டும் 10,000 வீடுகளில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய தொகை 28 இலட்சம். விஜேராம இல்லத்தின் ஒரு மாத வாடகைப் பெறுமதியில் எமக்கு ஒன்றரை வீடு கட்டலாம். இல்லத்தைத் திருப்பி எடுத்தாயிற்று. மிச்சமான பணம் எந்தத் தோட்டத்தில் எந்த லயத்துக்கு வந்தது? பெரியவர்களின் சலுகையைப் பறிக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் ஒரு நாளைக்கு இருக்கும். மறுநாள் மழைக்கு எமது கூரை அதேபோல ஒழுகும். எமது கோபத்தை அந்த ஒரு நாளோடு முடித்துவிட எந்த அரசாங்கத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

எமது வீட்டையும் கூட்டுவோம்

மற்றவரைச் சொல்லிவிட்டு எம்மைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்கள் நாம். குடியுரிமையைப் பறித்தபின், மறுபடி தேர்தலில் வென்று ஒருவர் போக 1977 வரை ஆனது. அதன்பிறகு எமது வாக்கில் பலர் போனார்கள், அமைச்சர்களும் ஆனார்கள். சில வேலைகள் நடந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் மாதிவெலவில் தமக்குக் கிடைத்த நியாயத்தை லயத்துக்கும் கொடு என்று அவர்கள் எத்தனை முறை எழுந்து நின்று கேட்டார்கள்? அவர்கள் கேட்கவில்லையே என்று சங்கங்களாகிய நாங்கள் எத்தனை முறை கேட்டோம்? சம்பளம் உயரும்போது மாலை போட்டோம். காணி உறுதி வராதபோது அடுத்த தேர்தல் வரட்டும் என்று இருந்தோம். இதில் எமது சங்கத்துக்கும் பங்குண்டு.

நாம் கேட்பது

ஒன்று. வீடும் காணியும் வேலையோடு கட்டப்படக் கூடாது. மலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டும். கம்பனிகளின் குத்தகை 2045 வரை இருக்கிறது என்பது எமக்குச் சாட்டாக இருக்கக் கூடாது.

இரண்டு. தூரத்திலிருந்து வந்து கொழும்பிலும் கட்டுநாயக்கவிலும் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் அரசாங்கம் விடுதிகள் கட்டவேண்டும். வாடகை மாதிவெல விதிப்படி. தனியார் அறைகளுக்கு எழுத்தில் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் கட்டாயமாக்க வேண்டும்.

மூன்று. எமது வாக்கில் போகும் ஒவ்வொரு உறுப்பினரும், தாம் வாங்கும் படிகள் எல்லாவற்றையும், வீட்டு விடயத்தில் தாம் செய்ததையும், வருடத்துக்கு ஒருமுறை மாவட்டக் கூட்டத்தில் எம் முன் வந்து சொல்லவேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலும் தோட்டக் கமிட்டியிலும் இந்த மூன்றையும் வாசியுங்கள். கொழும்பில் அறை எடுத்திருக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், எத்தனை பேருக்கு ஒரு அறை, மாதம் எவ்வளவு வாடகை, எவ்வளவு முற்பணம் என்று ஒரு தாளில் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பெயர் போட வேண்டாம். அந்தத் தாள்களைச் சேர்த்து, மாதிவெலவில் இருப்பவர்களின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்போம்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு எமது பதில் இதுதான். அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு எது நியாயம் என்று இந்த நாடு ஒத்துக்கொண்டதோ, அதையே எமக்கும் கேளுங்கள்.