‘ரெஃப்யூஸ்டு’ன்னு வந்தா கதவையே கழட்டாதீங்க

வீட்லயோ கிளினிக்லயோ சொந்தமா டி.என்.எஸ் சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கும், வைக்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கும் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. கொரட்டூர்ல எங்க வீட்டு அலமாரி மேல ஒரு ராஸ்பெரி பை மூணு வருஷமா ஓடிட்டு இருக்கு. அப்பா அம்மா போன்ல லோன் ஆப் விளம்பரமும், சர்க்கரையை ஒரே வாரத்துல விரட்டுற பொடி விளம்பரமும் வராம தடுக்கிறதுதான் அதோட வேலை. அந்தப் பொடியை நம்பி இன்சுலினை நிறுத்திட்டு மயக்கத்துல கேஷுவாலிட்டிக்கு வர்றவங்களைப் பார்க்கிறவனுக்கு இது பொழுதுபோக்கு இல்ல.

தெரியாதவங்களுக்காக: நீங்க ஒரு தளத்தோட பேரை அடிச்சதும், அந்தப் பேருக்கு எந்த நம்பர்னு உங்க போன் ஒரு சர்வர்கிட்ட கேக்கும். அதுதான் டி.என்.எஸ். வழக்கமா அதை இன்டர்நெட் கம்பெனி வச்சிருக்கும். நாமளே வீட்ல ஒண்ணு வச்சா, மோசடி தளங்களோட பேரை மட்டும் சொல்லாம விட்டுடலாம். பை-ஹோல், அட்கார்டு ஹோம், அன்பவுண்ட், பைண்ட்னு இலவச மென்பொருள்கள் இருக்கு.

இதை அமைக்கிற எல்லாரும் ஒரு நாள் ‘குவெரி ரெஃப்யூஸ்டு’ல போய் முட்டுவாங்க. பாக்ஸ் ஓடுது, லைட் எரியுது, ஆனா போன்ல ஒரு தளமும் திறக்காது. வாட்ஸப் குரூப்ல கேட்டா முதல் பதிலே, “அனுமதிப் பட்டியல்ல ‘எனி’ன்னு போடு ப்ரோ, சரியாயிடும்.” ஆமா, சரியாயிடும். வைரல் காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் குடுத்தாலும் அஞ்சு நாள்ல சரியாத்தான் ஆகும். அந்த மாத்திரைக்கான விலையை ஊர் குடுக்கும். ‘எனி’யும் அதே ரகம்னுதான் நான் சொல்றேன்.

முதல்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பார்ப்போம். 1987 நவம்பர்ல பால் மோக்கபெட்ரிஸ் எழுதின ஆர்.எஃப்.சி 1035-லயே இதுக்கு ஒரு எண் இருக்கு: 5. சர்வர் தன்னோட கொள்கைப்படி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்குதுன்னு அர்த்தம். பழுதுன்னு அர்த்தம் இல்ல. பழுதுக்குத் தனியா 2-ம் எண் இருக்கு, ‘செர்வ்ஃபெயில்’. அப்படி ஒரு பேரே கிடையாதுங்கறதுக்கு 3-ம் எண்.

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இதைச் சுலபமா சொல்லலாம். இ.எஸ்.ஐ டிஸ்பென்சரிக்குப் போறீங்க. கதவு பூட்டியிருந்தா அது டைம்-அவுட். டாக்டர் இருந்து, மருந்து ஸ்டாக் இல்லன்னா செர்வ்ஃபெயில். “உங்க கார்டு இந்த டிஸ்பென்சரியில பதிவாகலையே”ன்னு கவுன்டர்ல சொன்னா அதுதான் ரெஃப்யூஸ்டு. டிஸ்பென்சரிக்கு எந்த நோயும் இல்ல. கார்டுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான். டி.என்.எஸ்-ல கார்டுங்கறது நீங்க எந்த ஐ.பி முகவரியில இருந்து கேக்கிறீங்கங்கறது.

அதனால நான் பார்க்கிற வரிசை இது. முதல்ல பாக்ஸுக்குள்ளயே உக்கார்ந்து, அதுகிட்டயே 127.0.0.1-ல கேளுங்க. ‘டிக்’னு ஒரு கமாண்ட் இருக்கு, விண்டோஸ்ல ‘என்எஸ்லுக்கப்’. உள்ள கேட்டா பதில் வருது, போன்ல கேட்டா மறுக்குதுன்னா பிரச்சினை அனுமதிப் பட்டியல்ல. உள்ளயே மறுத்தா கதை வேற: அது மேல யார்கிட்ட கேக்குதோ அங்க பாருங்க. டிஎன்எஸ்மாஸ்க் வச்சிருக்கிறவங்க இதைக் கவனிங்க. மேல கேக்கிறதுக்கு ஒரு முகவரியும் அதுக்குக் கிடைக்கலன்னா அதுவும் ரெஃப்யூஸ்டுன்னுதான் சொல்லும். கரன்ட் போய் வந்ததும், ஃபைபர் பெட்டி முழிக்கிறதுக்கு முன்னாடியே பை முழிச்சுட்டா இது நடக்கலாம்.

‘டிக்’ பதிலோட அடியில எந்த சர்வர் பதில் சொல்லுச்சுன்னு ஒரு வரி வரும். அதைப் படிக்காம யாரும் செட்டிங்ஸ்ல கை வைக்காதீங்க. மறுத்தது உங்க பாக்ஸா, ரௌட்டரா, மேல இருக்கிற கம்பெனி சர்வரான்னு அங்கதான் தெரியும். நோயாளி பேரைப் பார்க்காம ரிப்போர்ட் படிக்கக்கூடாது இல்லையா, அதே கதைதான்.

இனி பட்டியல். பைண்ட் 2007-ல இருந்தே, தான் இருக்கிற மெஷினுக்கும் அது நேரடியா இணைஞ்சிருக்கிற நெட்வொர்க்குக்கும் மட்டும்தான் ஊர்ப் பேரையெல்லாம் தேடிக் குடுக்கும். அன்பவுண்ட் இன்னும் கறார்: நீங்க எழுதிக் குடுக்காத வரைக்கும் தன் மெஷினைத் தவிர எல்லாருக்கும் மறுப்பு. ரெண்டுமே சரியான முடிவுங்கறது என் கருத்து. ஆனா ‘நேரடியா இணைஞ்ச நெட்வொர்க்’ எதுன்னு நாம நினைக்கிறதும் அது நினைக்கிறதும் ஒண்ணா இருக்காது. பைண்டை டாக்கருக்குள்ள வச்சா, அதுக்குத் தெரிஞ்ச அக்கம்பக்கம் 172.17-ல ஆரம்பிக்கிற டாக்கர் தெரு மட்டும்தான். உங்க வீட்டு 192.168.1 அதுக்கு அசலூர். வி.பி.என் வழியா வர்ற போனுக்கும் இதே கதி. (டிஎன்எஸ்மாஸ்க்ல உள்ளூர் மட்டும்னு வச்சா, வெளியாளுக்கு ரெஃப்யூஸ்டு கூடச் சொல்லாது, பேசாம இருந்துடும். அங்க டைம்-அவுட்தான் வரும், குழம்பாதீங்க.)

நம்ம ஊர்ல இப்ப அதிகமா உதைக்கிறது ஐ.பி.வி6. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் 192.168 முகவரியோட, 2-ல ஆரம்பிக்கிற ஒரு நீள முகவரியும் சேர்ந்தே கிடைக்குது. சில நேரம் இதுல கேக்கும், சில நேரம் அதுல கேக்கும். பட்டியல்ல 192.168.1.0/24 மட்டும் இருந்தா, ஒரு தளம் திறக்கும், அடுத்தது திறக்காது. விட்டு விட்டு வர்ற காய்ச்சல் மாதிரி, ஆளைச் சுத்தல்ல விடும்.

இதை ஏன் இவ்வளவு சீரியஸா பேசுறேன்னு சொல்றேன். எங்க ஏரியாவுல நண்பர் ஒருத்தர் சின்ன கிளினிக் வச்சிருக்கார். ஸ்டாட்டிக் ஐ.பி, ஒரு டி.என்.எஸ் பாக்ஸ், ரிசப்ஷன்ல ஒரு கம்ப்யூட்டர். ஒரு நாள் ரௌட்டரை மாத்தினாங்க. மறுநாள் லேப் ரிப்போர்ட் எதுவும் திறக்கல, ரெஃப்யூஸ்டு. சரி பண்ண வந்த தம்பி ‘எனி’ன்னு போட்டார். டாக்டர் வீட்ல இருக்கும்போதும் போன்ல விளம்பரம் வரக்கூடாதுன்னு, ரௌட்டர்ல 53-ம் போர்ட்டையும் வெளியுலகத்துக்குத் திறந்து விட்டார். பத்து நிமிஷம். எல்லாருக்கும் சந்தோஷம்.

மூணு வாரம் கழிச்சு சாயங்கால ஓ.பி நேரத்துல நெட் தவழ ஆரம்பிச்சுது. அம்பத்தஞ்சு வயசுக்காரர் ஒருத்தர் நெஞ்சு வலியோட வந்திருக்கார். ஈ.சி.ஜி எடுத்து இதய மருத்துவருக்கு அனுப்பினா, படம் சுத்திக்கிட்டே இருக்கு, போகல. நண்பர் அனுபவசாலி. படத்துக்குக் காத்திருக்காம ஆஸ்பிரினைக் குடுத்து, 108-ல ஆளையே அனுப்பிட்டார். தப்பிச்சார்.

மறுநாள் நான் போய் லாகைத் திறந்தேன். அந்தக் கிளினிக்ல யாருமே கேட்டிருக்க முடியாத பேர்கள், எங்கெங்கோ இருக்கிற முகவரிகள்ல இருந்து, நொடிக்குப் பல முறை. அந்தப் பாக்ஸை யாரோ ஆயுதமா பிடிச்சுக்கிட்டாங்க.

இது எப்படி நடக்குதுன்னா, டி.என்.எஸ் கேள்வி பெரும்பாலும் யு.டி.பி-ல போகும். அனுப்புனர் முகவரியை யாரும் சரிபார்க்க மாட்டாங்க. நான் உங்க முகவரியைப் போட்டு கிளினிக் பாக்ஸ்கிட்ட ஒரு சின்னக் கேள்வி கேட்டா, அதைப் போல 28-ல இருந்து 54 மடங்கு வரைக்கும் பெரிய பதில் உங்க வீட்ல வந்து விழும். இப்படிக் கதவு திறந்து கிடக்கிற பாக்ஸ்கள் பல ஆயிரம் சேர்ந்தா? 2013 மார்ச்ல ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு மேல நடந்த தாக்குதல் இந்த ரகம்தான். நொடிக்கு 300 ஜிகாபிட் அளவுக்குப் போச்சுன்னு செய்தி வந்துச்சு. அந்தப் பாக்ஸ்களை வச்சிருந்தவங்க பெரும்பாலும் கெட்டவங்க இல்ல. பத்து நிமிஷத்துல வேலை முடியணும்னு நினைச்சவங்க.

எனக்குக் கோபம் இந்த இடத்துலதான் வருது. ஆன்டிபயாட்டிக் விஷயத்துல கொஞ்சமாவது கணக்கு கேக்க ஆரம்பிச்சிருக்கோம். 2014 மார்ச் 1-ல இருந்து ஷெட்யூல் எச்1 மருந்துகளை வித்தா, யார் எழுதினது, யாருக்குக் குடுத்ததுன்னு கடைக்காரர் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வைக்கணும். எத்தனை கடையில நடக்குதுங்கறது வேற த்ரெட். இங்க அதுவும் இல்ல. ‘எனி’ போட்டவரும் தப்பிச்சார், போடச் சொன்ன குரூப்பும் தப்பிச்சுது.

சரி, கிளினிக்ல உண்மையான நோய் என்ன? புது ரௌட்டர் ஐ.பி.வி6-ஐ ஆன் பண்ணியிருக்கு. ரிசப்ஷன் கம்ப்யூட்டர் அந்த நீள முகவரியில இருந்து கேட்டிருக்கு. பட்டியல்ல அது இல்ல. அவ்வளவுதான். லாக்ல ‘டினைடு’ங்கற வரிக்குப் பக்கத்துலயே அந்த முகவரி நின்னுக்கிட்டு இருந்துச்சு, யாரும் படிக்கல. கம்பெனி குடுக்கிற நீள முகவரியோட முன்பாதி அடிக்கடி மாறும்ங்கறதால, எஃப்.டி-ல ஆரம்பிக்கிற உள்வீட்டு முகவரியை ரௌட்டர்லயே குடுக்க வச்சு, அதைப் பட்டியல்ல சேர்த்தோம். ‘எனி’யை எடுத்தோம், 53-ஐ மூடினோம். டாக்டரோட போனுக்கு ஒயர்கார்டு வி.பி.என் போட்டு, அந்த வி.பி.என் முகவரிக்கும் ஒரு வரி.

“எனக்குத்தான் ஸ்டாட்டிக் ஐ.பி இல்லையே, கம்பெனி ஒரே முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குது, வெளில இருந்து யார் வரப் போறா?”ன்னு சிலர் கேப்பாங்க. பழைய ஐ.பி.வி4-க்கு அது பெரும்பாலும் சரி. ஆனா ஐ.பி.வி6-ல அந்தத் திரை கிடையாது. ரௌட்டரோட ஃபயர்வால் தூங்கினா உங்க அலமாரிப் பாக்ஸ் நேரா தெருவுல நிக்கும்.

இன்னொரு நாட்டு வைத்தியம்: ரெண்டாவது டி.என்.எஸ்-ஆ 8.8.8.8 போட்டுடுறது. முதல் சர்வர் மறுத்தா பல சிஸ்டம் சத்தமில்லாம ரெண்டாவதுகிட்ட போயிடும். எல்லாம் வேலை செய்ற மாதிரியே இருக்கும், விளம்பரத் தடுப்பு மட்டும் ஓட்டையாகும். டைஃபாய்டுக்கு வெறும் பாராசிட்டமால் போட்டு ஒரு வாரம் ஓட்டுற கதை.

சொந்த டொமைனுக்கே சர்வர் நடத்துறவங்களுக்கு மட்டும் ஒரு வரி: உங்க டொமைனைக் கேட்டாலே ரெஃப்யூஸ்டுன்னு வந்தா, அந்த ஸோன் கான்ஃபிக்ல சேரவே இல்லைன்னு சந்தேகப்படுங்க, முதல்ல எழுத்துப்பிழை பாருங்க. ஊர்ல இருக்கிற மத்த பேரையெல்லாம் கேட்டா அது மறுக்கத்தான் வேணும்.

ஏற்கெனவே ‘எனி’ போட்டு வச்சிருக்கிறவங்க இன்னைக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க. லேப்டாப்பை வீட்டு வைஃபைல இருந்து கழட்டி, போன் டேட்டாவுல சேருங்க. வி.பி.என் ஆஃப்ல இருக்கட்டும். உங்க வீட்டோட வெளி முகவரியைப் போட்டு ‘டிக்’ல ஏதாவது ஒரு தளத்தைக் கேளுங்க. ஐ.பி.வி6 இருந்தா பாக்ஸோட நீள முகவரியிலயும் ஒரு தடவை. பதில் வராம போனாலோ ரெஃப்யூஸ்டுன்னு வந்தாலோ நிம்மதியா தூங்குங்க. நம்பர் வந்துச்சுன்னா, தூங்கறதுக்கு முன்னாடி அந்த வரியை எடுத்துடுங்க.